மாதக் கணக்கும் தோல் தடிப்பும்

15 வயது வரை நாள்பட்ட தோல் தடிப்பு ஆண், பெண் பார்ப்பதில்லை. அரிப்பும் தடிப்புமாக மருத்துவரிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளில் சிறுவர்களும் சிறுமிகளும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கிறார்கள். பருவம் எய்திய பிறகு கணக்கு மாறிவிடுகிறது. இந்த நோய் அதிகம் காணப்படும் 20 முதல் 40 வயதுக்குள் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்கள் என்ற விகிதத்தில் அவதிப்படுகிறார்கள். ஆஸ்துமாவிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. சிறு வயதில் பையன்களிடம் அதிகமாக இருக்கும் நோய், வளர்ந்த பிறகு பெண்கள் பக்கம் சாய்கிறது.

பருவம் எய்தும்போது உடம்பில் மாறுவது ஹார்மோன். ஆகவே சந்தேகம் அதன் மேல் விழுவது இயல்புதான். பெண்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே இதைச் சொல்கிறார்கள். “டேட் வர்றதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிடுது டாக்டர்” என்பது தோல் மருத்துவர்களின் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பிள்ளை பிறந்த பிறகு தொடங்கியது என்பார்கள் சிலர். கர்ப்பமாக இருந்தபோது சுத்தமாக நின்றுபோயிருந்தது என்பார்கள் வேறு சிலர். இதைக் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். “டென்ஷன் ஆகாதீங்கம்மா” என்று செடிரிசின் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் ‘ஹார்மோன்தான் காரணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. சில இடங்களில் தொடர்பு உறுதியாக நிரூபணமாகியிருக்கிறது, சில இடங்களில் மங்கலாகத் தெரிகிறது. இன்னும் சில இடங்களில் ஹார்மோன் மேல் பழி விழுந்தாலும் உண்மையான காரணம் வேறாக இருக்கிறது.

தடிப்பு எப்படி எழுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தோலின் நடு அடுக்கில், நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. பால் எர்லிக் 1878இல் தம் பட்ட ஆய்வுக்காகத் திசுக்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது இனங்கண்ட செல்கள் இவை. ஒவ்வொன்றின் உள்ளும் ஹிஸ்டமின் அடங்கிய நுண்துகள்கள் நிறைந்திருக்கும். ஏதோ ஒன்று தூண்டிவிட்டால் அந்தத் துகள்கள் சில நிமிடங்களில் வெளியே கொட்டும். ஹிஸ்டமின் பட்ட இரத்தக் குழாய் விரிந்து சுவர் நெகிழ, நீர் கசிந்து தோலுக்குள் தேங்கும். கொசுக்கடி அளவிலிருந்து உள்ளங்கை அகலம் வரை சிவந்த தடிப்பு எழும். நரம்பு நுனியும் தூண்டப்படுவதால் அரிப்பு தாங்காது. இதுவே தோலின் ஆழத்தில் நடந்தால் உதடோ கண் இமையோ வீங்கும்.

ஒரு தடிப்பின் ஆயுள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இங்கே மறைந்தால் அங்கே புதிதாக ஒன்று எழும். இப்படி 6 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தடிப்பு என்று பெயர். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தவர் காலையில் டோக்கன் வாங்கி மருத்துவர் முன்னால் உட்காரும்போது தோல் பளிச்சென்று இருக்கும். அதனால்தான் பலரும் இப்போது செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுகிறார்கள். நல்ல பழக்கம் அது. காணாக்கடி என்று வெற்றிலையும் மிளகும் மென்று விழுங்கச் சொல்லும் பாட்டி வைத்தியம் பலித்துப்போவதற்கும் இந்த 24 மணி நேரக் கணக்குதான் காரணம். எதைத் தின்றாலும், எதைத் தடவினாலும் அந்தத் தடிப்பு தானே அடங்கத்தான் போகிறது. ஆனால் ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல் அதே இடத்தில் நின்று, வலித்து, மறையும்போது கன்றிய தழும்பை விட்டுச் சென்றால் அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அங்கே தோல் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மாஸ்ட் செல்லை எது தூண்டுகிறது? வீட்டில் முதலில் மாட்டிக்கொள்வது சாப்பாடு. கத்திரிக்காய், கருவாடு, முட்டை, தக்காளி என்று ஒவ்வொன்றாக இலையிலிருந்து விலகும். “அதைத் தின்னாதேன்னு சொன்னேனே, கேட்டியாடி” என்று அம்மா கடிந்துகொள்வார். திடீரென்று ஒரு நாள் வந்து போகும் தடிப்புக்கு உணவு காரணமாக இருக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் தடிப்புக்கு உணவு ஒவ்வாமை காரணமாவது அபூர்வம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்கள்கூடப் பத்தியம் என்ற பெயரில் மாதக்கணக்கில் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு இரத்தசோகைக்கு ஆளாவதைப் பார்க்கையில் மனம் வேதனைப்படுகிறது. 

நாள்பட்ட தடிப்பில் தூண்டுதல் பெரும்பாலும் உடம்புக்குள்ளிருந்தே வருகிறது. இங்கிலாந்தில் கிளைவ் கிராட்டனும் சகாக்களும் 1986இல் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, அதை அவரவர் தோலுக்குள்ளேயே துளி ஊசியாகப் போட்டார்கள். பலருக்கு அந்த இடம் தடித்து எழுந்தது. அதாவது அவர்கள் இரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதை 1993இல் மிச்சிஹிரோ ஹிடே, மால்கம் கிரீவ்ஸ் ஆகியோரின் குழு கண்டறிந்தது. மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் வந்து உட்காரும் ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பியையே தாக்கும் எதிர்ப்புரதங்கள் சில நோயாளிகளின் உடலில் உருவாகியிருந்தன. தடிப்பு நோயின் ஒரு பகுதி தன்னுடல் தாக்கு நோய் என்பது அன்று உறுதியாயிற்று. தன்னுடல் தாக்கு நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பின்னணியில் ஹார்மோனின் வேலை என்ன? அடுப்பில் பொங்கும் நிலையில் இருக்கும் பாலை நினைத்துக்கொள்ளுங்கள். தீயைச் சற்றே கூட்டினால் வழியும், சற்றே தணித்தால் அடங்கும். ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் மாஸ்ட் செல்களுக்கு ஹார்மோன் பெரும்பாலான பெண்களிடம் இந்த அளவில்தான் உதவவோ கெடுக்கவோ செய்கிறது. நோயை அது தனியாக உண்டாக்குவது மிகச் சிலரிடம் மட்டுமே.

இப்போது மாதவிடாய்க்கு வருவோம். நாள்பட்ட தடிப்பு பொதுவாக 2 முதல் 5 ஆண்டுகள் வரை நீடிக்கும். நான்கு ஆண்டு அவதிப்படும் பெண்ணுக்கு அதற்குள் 50 மாதவிடாய்கள் வந்திருக்கும். இரண்டும் ஒரே நாளில் வருவது பல முறை நடந்தே தீரும். பொருந்தி வந்த மாதம் மனதில் பதிகிறது, பொருந்தாத மாதம் மறந்துபோகிறது. ஆகவே நினைவை மட்டும் நம்பாமல் எழுதிப் பார்க்க வேண்டும். 

எழுதிப் பார்த்தபோது உண்மையிலேயே மாதந்தோறும் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஹார்மோனுக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாதவிடாய் வலிக்குப் போடும் மாத்திரை. நம் ஊரில் அந்த வலிக்கு மெஃபனமிக் அமிலம் கலந்த மாத்திரைதான் பெரும்பாலோர் கைப்பையில் இருக்கிறது. வயிறு கனக்கத் தொடங்கியதுமே ஒன்று, மறுநாள் இரண்டு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். நாள்பட்ட தடிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வரை இந்தக் குடும்பத்து மாத்திரைகளால் தடிப்பு கூடுவதை அனுபவிக்கிறார்கள். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை இவை தடுக்கின்றன. அந்தப் புரோஸ்டாகிளாண்டின்களில் ஒரு வகை மாஸ்ட் செல்லை அமைதியாக வைத்திருக்கும் வேலையையும் செய்துகொண்டிருந்தது. அது குறைந்தால் மாஸ்ட் செல் அவிழ்த்துக்கொள்கிறது, கூடவே வீக்கத்தைத் தூண்டும் லூக்கோட்ரையீன்களும் பெருகுகின்றன. மாத்திரையை விழுங்கி ஓரிரு மணி நேரத்திலோ சில மணி நேரம் கழித்தோ தடிப்பு எழும். பழி மாதவிடாய்க்குப் போகும். மெஃபனமிக் அமிலத்தால் வரக்கூடிய வேறொரு கடுமையான ஒவ்வாமையைக் கவனிக்கச் சொல்லி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரிக்கை விட்டது. இவ்வளவு எளிதாகக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை அல்ல இது என்பதற்காகச் சொல்கிறேன். வலி நிவாரணத்துக்குப் பாராசிட்டமால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை. மருத்துவரைக் கேட்டு, இரண்டு மூன்று மாதவிடாய்களுக்கு மாற்றிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். தடிப்பு எந்த இடத்தில்? பாவாடை நாடா இறுக்கிய இடுப்பிலும், உள்ளாடைப் பட்டை அழுத்திய தோளிலும், பை மாட்டிய முழங்கையிலும் என்றால் அது அழுத்தத் தடிப்பு. அழுத்திய உடனே வராமல் 4 முதல் 6 மணி நேரம் கழித்து வரும் வகை என்பதால் காரணம் பிடிபடாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பு நீர் கோத்து உப்பும். வழக்கமான இறுக்கத்தில் கட்டிய நாடாவே அப்போது கூடுதலாக அழுத்தும்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகும் மிஞ்சும் சிலர் இருக்கிறார்கள். மருத்துவ வரலாற்றில் அவர்களுடைய இடம் மிக ஆர்வமூட்டுவது. கெபர் என்ற தோல் மருத்துவர் 1921இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். மாதவிடாய் நெருங்கும்போதெல்லாம் அவருக்குத் தடிப்பு வரும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அந்தப் பெண்ணின் இரத்தத்தை எடுத்து வைத்து, அதன் சீரத்தைப் பிறகு அவருக்கே ஊசியாகப் போட்டபோது தடிப்பு திரும்ப எழுந்தது. இதற்குக் காரணமாகப் பின்னர் கருதப்பட்ட புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டதே 1934இல்தான். அதாவது, காரணமான பொருளுக்குப் பெயரே இல்லாத காலத்தில், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அது இரத்தத்தில் இருக்கிறது என்று கெபர் காட்டிவிட்டார். 1964இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் ஷெல்லி இந்த நோய்க்குப் புரோஜெஸ்டிரோன் தன்னுடல் தாக்குத் தோலழற்சி என்று பெயர் வைத்தார்.

சினைமுட்டை வெளிவந்த பிறகு கருப்பையில் புரோஜெஸ்டிரோன் ஆட்சி. 28 நாள் சுழற்சியில் 21ஆம் நாளையொட்டி அது உச்சத்தைத் தொட்டு, மாதவிடாய்க்கு முன் சரியும். இந்த நோய் உள்ள பெண்ணின் உடல் தன் சொந்த ஹார்மோனையே அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. மாதவிடாய்க்கு 3 முதல் 10 நாட்களுக்கு முன் தடிப்போ, அரிகரப்பானைப் போன்ற புண்ணோ தொடங்கி, உதிரப்போக்கு ஆரம்பித்த ஓரிரு நாளில் அடங்கும். மிகச் சிலருக்கு மூச்சுத் திணறி இரத்த அழுத்தம் சரியும் அளவுக்குப் போகும். கருத்தடை மாத்திரையிலோ குழந்தையின்மைச் சிகிச்சையிலோ செயற்கைப் புரோஜெஸ்டிரோனைச் சந்தித்த பிறகு இது தொடங்கியதாகப் பலரிடம் தெரியவந்திருக்கிறது. முன்பின் எதையும் சந்திக்காத பெண்களிடமும் வந்திருக்கிறது.

கண்டுபிடிக்க, தோலுக்குள் துளி புரோஜெஸ்டிரோனை ஊசியால் செலுத்திப் பார்ப்பார்கள். சில நேரம் இந்தச் சோதனை பொய் சொல்லும். ஆகவே, சினைமுட்டை வெளியாவதையே மருந்தால் சில மாதம் நிறுத்தி வைத்து, தடிப்பும் நிற்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. நின்றால் அதுவே சிகிச்சையும் ஆகிறது. கஷ்டம் எங்கே என்றால், குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணிடம். சோதனைக்குழாய்க் கருவுறுதலில் கருவை வைத்த பிறகு புரோஜெஸ்டிரோன் கொடுத்தே ஆக வேண்டும். உடலோ அதையே எதிர்க்கிறது. இங்கே ஒவ்வாமை நிபுணர்கள் கையாளும் வழி, புரோஜெஸ்டிரோனை மிக நுண்ணிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி உடலைப் பழக்குவது. அப்படிப் பழகிய பெண்கள் சிகிச்சையை முடித்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இந்த நோய் அரிது. இதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தனக்கும் இதுதான் என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் மாதந்தோறும் தேதி பிசகாமல் பொருந்தும் பெண்ணை இந்தச் சோதனைக்கு அனுப்பாமல் விடுவதும் சரியல்ல.

ஈஸ்ட்ரோஜன் வேறு மாதிரி. மாஸ்ட் செல்லின் மேலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடயால் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து துகள்கள் வெளியேறுவதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். அதே ஆண்டு இன்னோர் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பூச்சிக்கொல்லிகளும் மாஸ்ட் செல்களை அதே விதமாகத் தூண்டின. அந்தப் பட்டியலில் எண்டோசல்ஃபானும் இருந்தது. காசர்கோட்டில் அது செய்த கொடுமைகளுக்குப் பின் 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த அதே நச்சு. ஆய்வகத் தட்டில் நடந்தது மனிதத் தோலிலும் அப்படியே நடக்கும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. என்றாலும் பொருட்படுத்தாமல் விடக்கூடிய செய்தியும் இல்லை.

மனிதத் தோலிலும் ஓரளவு தடயம் கிடைத்திருக்கிறது. 1995இல் கிரேக்க ஆய்வாளர்கள் பெண்களின் தோலில் சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் ஹிஸ்டமினை ஊசி முனையால் குத்திப் பார்த்தார்கள். 12 முதல் 16ஆம் நாட்களுக்குள், அதாவது ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொடும் நாட்களில், எழுந்த தடிப்பு மற்ற நாட்களைவிடப் பெரிதாக இருந்தது. ஒரே பெண், ஒரே அளவு மருந்து, நாள் மட்டும் வேறு. ஒவ்வாமைச் சோதனைக்குப் போகும் பெண்ணிடம் “இன்று எத்தனையாவது நாள்?” என்று கேட்பது பயனுள்ள கேள்வி என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் ஒரு முரண் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சம் மாதத்தின் நடுவில். பெண்கள் முறையிடுவதோ மாதவிடாய்க்கு முந்தைய நாட்களைப் பற்றி. புரோஜெஸ்டிரோன் மாஸ்ட் செல்லை அடக்கி வைக்கிறது என்று எலிகளின் செல்களில் பார்த்திருக்கிறார்கள். அது சரியும்போது அடக்கம் விலகித் தடிப்பு கூடலாம் என்பது ஓர் ஊகம். நியாயமான ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஹார்மோன் அல்லாத காரணமும் போட்டியில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அதில் ஒன்றை மூடி வைக்கும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.வும் அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீண்டக்கூடும் என்று ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங் குழு 2024இல் எலிகளைக் கொண்டு காட்டியது. ஆண் எலிகளில் எக்ஸிஸ்டை உண்டாக்கியபோது அவற்றிடமும் தன்னுடல் தாக்கு நோய் கடுமையாயிற்று. ஓர் ஆணுக்கு இரண்டு பெண்கள் என்ற அந்தக் கணக்கில் எவ்வளவு ஹார்மோன், எவ்வளவு குரோமோசோம் என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம்.

தைராய்டில் இந்தக் குழப்பம் குறைவு. கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்புரதங்கள் தடிப்பு நோயாளிகளிடம் மிகுந்திருப்பதை 1983இலேயே கனடாவின் லெஸ்னாஃப் குழு எழுதியது. இஸ்ரேலில் 2012இல் வெளிவந்த ஆய்வு 12,778 நாள்பட்ட தடிப்பு நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டியது. அவர்களில் 9.8 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்களிடம் அது 0.6 சதவீதம். தைராய்டு ஹார்மோன் குறைவதால் தடிப்பு வருகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. தைராய்டைத் தாக்கும் அதே நோய் எதிர்ப்புக் கோளாறு மாஸ்ட் செல்லையும் விடுவதில்லை என்பதே பொருள். தைராய்டுப் புரதம் ஒன்றுக்கு எதிரான ஐஜிஇ சில நோயாளிகளிடம் இருக்கிறது, அது மாஸ்ட் செல்லின் மேல் உட்கார்ந்து நேரடியாகவே தூண்டலாம். ஆகவே தைராய்டு அளவு சரியாக இருப்பவருக்குத் தடிப்புக்காக மட்டும் தைராய்டு மாத்திரை எழுதுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பரிசோதிப்பது மட்டும் அவசியம். குறிப்பாகப் பிரசவமான முதல் ஆண்டில். நூற்றுக்கு ஏறத்தாழ 5 தாய்மாருக்கு அந்தக் காலத்தில் தைராய்டு அழற்சி வருகிறது. களைப்பு, முடி கொட்டல், மனச்சோர்வு, அதோடு தடிப்பு என்றால் ‘பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்வதோடு நிறுத்திவிடக் கூடாது.

கர்ப்பம் இன்னொரு பெரிய சோதனைக் களம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அப்போது ஏறும் அளவுக்கு வாழ்நாளில் வேறெப்போதும் ஏறுவதில்லை. ஹார்மோன் கூடினால் தடிப்பும் கூடும் என்பது விதியானால் கர்ப்பிணிகள் எல்லாரும் தவித்திருக்க வேண்டும். பல நாடுகளின் சிறப்பு மையங்கள் சேர்ந்து 288 கர்ப்பங்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. பாதிப் பேருக்கு நோய் தணிந்தது. பத்தில் மூவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கூடியது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. தணிந்ததற்கு ஒரு விளக்கம் நஞ்சுக்கொடியிலிருந்து கிடைக்கிறது. ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அது ஏராளமாகச் சுரக்கிறது. தாயின் இரத்தத்தில் அந்த நொதி சாதாரண நாட்களைவிடப் பல நூறு மடங்கு உயர்கிறது. பிரசவத்தோடு நஞ்சுக்கொடி வெளியேறிவிடுகிறது, அந்த நொதியும் குறைந்துவிடுகிறது. அதன்பின் கணிசமானவர்களுக்குத் தடிப்பு மீண்டும் கூடுகிறது.

கர்ப்பத்தில் வரும் எல்லா அரிப்பும் இந்த வகை அல்ல. கடைசி மாதங்களில் வயிற்றின் வரித் தழும்புகளில் தொடங்கித் தொப்புளை மட்டும் விட்டுவிட்டுப் பரவும் தடிப்பு வேறு நோய், பிரசவத்துக்குப் பின் தானே போய்விடும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம், வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. அரிப்புக்கு மருந்து எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்று ஒன்பது மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் பலர். லோராடடின், செடிரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது ஹிஸ்டமினைத் தடுப்பவை, கர்ப்ப காலத்தில் நெடுநாள் பயன்பாட்டில் பாதுகாப்பானவை என்று தெரிந்த மருந்துகள். மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட்ரோஜன் தொடர்பு ஐயமின்றி நிரூபணமான இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பது உயிர் காக்கும் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டும். சில பெண்களுக்குத் தடிப்பே வராது, அரிப்பும் இருக்காது. உதடு, நாக்கு, முகம், சில நேரம் தொண்டை மட்டும் வீங்கும். வயிறு கடுமையாக வலிக்கும். ஆன்டிஹிஸ்டமின் போட்டாலும் இறங்காது. ஜெர்மனியில் மைன்ஸ் நகரைச் சேர்ந்த கொன்ராட் போர்க் 2000ஆம் ஆண்டில் 10 குடும்பங்களில் இப்படிப்பட்ட வீக்கத்தை விவரித்தார். பாதிக்கப்பட்டிருந்த எல்லாரும் பெண்கள். கருத்தடை மாத்திரை தொடங்கிய பிறகு அல்லது கர்ப்பத்தில் வீக்கம் தலைதூக்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். 2006இல் இரத்தம் உறைவதற்கு உதவும் 12ஆம் காரணிக்கான மரபணுவில் பிழை இருப்பது சில குடும்பங்களில் தெரியவந்தது. இங்கே வீக்கத்தை உண்டாக்குவது அந்தக் காரணியின் தூண்டுதலால் பெருகும் பிராடிகைனின் என்ற பொருள், ஹிஸ்டமினுக்கு இதில் பங்கில்லை. ஈஸ்ட்ரோஜன் அந்தக் காரணியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. இவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையையும், மாதவிடாய் நின்ற பின் தரப்படும் ஈஸ்ட்ரோஜனையும் தவிர்த்தாக வேண்டும். தடிப்பு இல்லாத வீக்கம், அதுவும் அம்மாவுக்கோ சித்திக்கோ இருந்த வீக்கம் என்றால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றி ஆய்வுகள் குறைவு. அந்த வயதில் திடீரென்று பரவும் உடற்சூட்டில் தோல் சிவப்பதைத் தடிப்பு என்று எண்ணுவோர் உண்டு. சூட்டாலும் வியர்வையாலும் குண்டூசித் தலை அளவில் பொடிப்பொடியாக எழும் தடிப்பு வகை இருப்பவர்களுக்கு அந்தச் சூடே தூண்டுதலாகவும் அமையலாம். அட்ரினல் சுரப்பி தரும் டிஹெச்இஏ-எஸ் ஹார்மோன் தடிப்பு நோயாளிகளிடம் குறைந்திருப்பதாகப் போலந்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நாள்பட்ட நோயும் தூக்கமின்மையும் மன அழுத்தமும்கூட அந்த ஹார்மோனைக் குறைக்கும் என்பதால் எது முந்தியது என்று தெரியவில்லை. அதற்காக அந்த ஹார்மோனை மாத்திரையாக வாங்கி விழுங்குவது வேண்டாத வேலை.

மெடிக்கல் கடையில் ‘அரிப்புக்கு’ என்று கேட்டால் கிடைக்கும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். முதல் நாளே அற்புதமாகக் கேட்கும், அதனால் திரும்பத் திரும்ப வாங்கத் தோன்றும். மாதக்கணக்கில் எடுத்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், மாதவிடாயும் தவறும். பிறகு ‘மாதவிடாய் சரியில்லாததால்தான் தடிப்பு வருகிறது’ என்று தலைகீழாக முடிவு செய்யப்படுகிறது. முறையான சிகிச்சை தூக்கம் தராத புதிய வகை ஆன்டிஹிஸ்டமினில் தொடங்குகிறது. தேவைப்பட்டால் மருத்துவர் அதை நான்கு மடங்கு வரை கூட்டுவார். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஐஜிஇயைப் பிடித்து முடக்கும் ஓமலிசுமாப் ஊசி 4 வாரத்துக்கு ஒரு முறை. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. மாதவிடாயை ஒட்டித் தடிப்பு வந்தாலும், பெரும்பாலோருக்கு இதே சிகிச்சைதான். வரப்போகும் நாட்களை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள மருத்துவருக்கு வசதி.

நோயின் வேகத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஏழு நாள் அட்டவணை ஒன்று இருக்கிறது. தினமும் தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3. தடிப்புகளின் எண்ணிக்கை 20க்குக் கீழ் என்றால் 1, 50 வரை என்றால் 2, அதற்கு மேல் 3. வாரக் கூட்டல் 42 வரை போகும். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பேர் பெண்களாக இருந்தும் அந்த அட்டவணையில் மாதவிடாய் நாளுக்கு ஒரு கட்டம் இல்லை. வீட்டு நாட்காட்டியிலேயே அதைச் சேர்த்துக்கொள்ளலாம். தேதிக்குப் பக்கத்தில் அன்றைய இரண்டு எண்கள், மாதவிடாய் என்றால் ஒரு வட்டம், வலி மாத்திரை போட்டால் ‘வ’ என்று ஓர் எழுத்து. மூன்று சுழற்சி எழுதினால் போதும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள்களையும் செல்போன் படங்களையும் கொண்டு போய், உட்கார்ந்ததுமே மேசை மேல் வையுங்கள்.